ஸ்டாப் பட்டனுக்கு நிற்காத எஞ்சின்

சித்தப்பாவின் ஃபைபர் வள்ளத்தின் பின்பக்கம் வெளியே தொங்குவது 15 ஹெச்பி அவுட்போர்டு எஞ்சின். இரண்டு ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற வகை. வள்ளம் நிற்பது புன்னைக்காயலில், தாமிரபரணி கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில். நான் தூத்துக்குடியில் வீட்டு வயரிங் செய்கிறவன். கடல் தொழில் எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா ஃபோன் செய்தார். "ஸ்டாப் பட்டன் கேக்க மாட்டேங்கு. மீட்டரத் தூக்கிட்டு வால" என்றார்.

போய்ப் பார்த்தேன். சிவப்புப் பட்டனை அழுத்தினால் எஞ்சின் இருமியது, தடுமாறியது, பட்டனை விட்டதும் பழையபடி ஓடியது. இரண்டு மாதமாகவே இப்படித்தானாம். சோக்கை இழுத்து, பெட்ரோலில் மூச்சு முட்ட வைத்து நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறார். "சோக்க இழுத்தா நிக்குதுல்லா, பெறவு என்ன?" என்பது அவர் கட்சி.

எனக்கு வயிற்றைக் கலக்கியது பட்டன் இல்லை. எஞ்சின் கைப்பிடியில் ஒரு சிவப்புச் சுருள் கயிறு தொங்கும். ஓட்டுகிறவர் அதை மணிக்கட்டிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் தவறிக் கடலில் விழுந்தால் கயிறு கிளிப்பை உருவிக்கொண்டு வரும், எஞ்சின் நிற்கும். அந்தக் கிளிப்பும் பட்டனும் ஒரே சுவிட்சு, ஒரே இரண்டு வயர். பட்டன் வேலை செய்யவில்லை என்றால் கயிறும் வேலை செய்யாது. வள்ளம் ஆளை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், இல்லை என்றால் வட்டமடித்து அவர் மேலேயே வரும். சித்தப்பா பல நாள் தனியாகத்தான் போகிறார். மறுநாள் ஞாயிறு, கடலுக்குப் போகிற நாள் இல்லை. பூசை முடிந்ததும் எஞ்சினைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

முதல் தப்பு என்னுடையது. வீட்டில் சுவிட்சை அணைத்தால் வட்டம் அறும், விளக்கு அணையும். அந்தப் புத்தியிலேயே யோசித்து, சுவிட்சு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, புது சுவிட்சு ஒன்றை வாங்கிக்கொண்டே போயிருந்தேன். மாட்டினேன். அதே இருமல், அதே ஓட்டம்.

இந்த எஞ்சினில் விஷயம் தலைகீழ். ஃப்ளைவீல் காந்தம் சுற்றும்போது உள்ளே இருக்கிற காயிலில் கரண்ட் பிறக்கிறது. அது சிடிஐ பெட்டியில் சேர்ந்து, நேரம் வந்ததும் பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. பேட்டரியே வேண்டாம். ஆகவே அணைப்பதற்கு 'அறுக்க' எதுவும் இல்லை. பட்டனை அழுத்தும்போது ஒரு வயரை எஞ்சின் பிளாக்கோடு, அதாவது எஞ்சினின் உலோக உடம்போடு, சேர்த்துவிடுகிறோம். பொறிக்குப் போக வேண்டிய கரண்ட் அந்தச் சுலபமான வழியில் பிளாக்குக்குள் இறங்கிவிடும். பொறி இல்லை, எஞ்சின் நிற்கும். அதாவது நிறுத்துவதற்கு வட்டம் முழுதாக இருக்க வேண்டும். சுவிட்சிலிருந்து பிளாக்குக்கு வருகிற கறுப்பு வயர் அங்கே சரியாகப் பிடித்திருக்க வேண்டும். அது பிடிக்காவிட்டால் பட்டனுக்கு எஞ்சின் நிற்க வழியே கிடையாது.

வள்ளத்தில் 'எர்த்' என்றால் வீட்டில் குழி தோண்டி இறக்குகிற எர்த் இல்லை. கடலுக்குள் எதையும் இறக்க வேண்டியதில்லை. ஃபைபர் கரண்டைக் கடத்தாது. இங்கே எர்த் என்பது எஞ்சின் பிளாக், அவ்வளவுதான். போன கரண்ட் திரும்பி வருகிற வழி. கரையில் வேடிக்கை பார்த்த ஒரு அண்ணன், "ஒரு செம்புக் கம்பிய எஞ்சின்ல கட்டித் தண்ணிக்குள்ள விடு, எர்த் நல்லாக் கெடைக்கும்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் செம்பையும் அலுமினியத்தையும் ஒன்றாகக் கட்டிக் கடல்நீரில் விடுவது, தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற எஞ்சினின் அலுமினியக் காலை உப்புக்குத் தின்னக் கொடுப்பதற்குச் சமம். ஏன் என்று கீழே வருகிறது.

சரி, கறுப்பு வயர். முதலில் சிடிஐ பெட்டியின் இணைப்புகளைக் கழற்றி ஒதுக்கினேன். பின்னால் சோதனைக்கு வைக்கப்போகிற பேட்டரியின் கரண்ட் அதற்குள் தப்பித் தவறிப் போய்விடக் கூடாது. சுவிட்சிலிருந்து வரும் கறுப்பு வயரின் நுனிக்கும் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். 0.8 ஓம். மோசமில்லை என்று தோன்றியது. வயரை விரலால் லேசாக அசைத்தேன். 40, 300, அப்புறம் மீட்டர் 'ஓஎல்', அதாவது தொடர்பே இல்லை, என்று கைவிரித்தது. நின்றுகொண்டிருக்கும்போது தொடுகிற வயர், ஓடும்போது ஆடி ஆடி விட்டுவிடுகிறது. எஞ்சின் இருமியதன் அர்த்தம் அதுதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஓம் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே இருபது இழையில் ஒரே ஒரு இழை உயிரோடு இருந்தாலும் மீட்டர் கிட்டத்தட்ட பூச்சியம்தான் காட்டும். அது அனுப்புகிற கரண்ட் அவ்வளவு சின்னது. நான் பைக்கின் 35 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து பல்பு, பல்பிலிருந்து சந்தேகப்படுகிற வயர், வயர் போய்ச் சேரும் பிளாக்கிலிருந்து பேட்டரி நெகட்டிவ். கிட்டத்தட்ட 3 ஆம்பியர் ஓடும். வயர் நல்லதென்றால் பல்பு பளிச்சென்று எரியும். அப்போது வயரின் இரண்டு முனைக்கும் நடுவே வோல்ட் அளந்தால் 0.1க்குக் கீழே இருக்க வேண்டும். சித்தப்பாவின் வயரில் பல்பு மின்மினி மாதிரி ஒரு கணம் சிவந்து அணைந்துவிட்டது.

பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு 6 மில்லி போல்ட். அதில் மூன்று கறுப்பு வயர்களின் லக், அதாவது வயர் முனையில் நசுக்கிய உலோக வளையம், ஒன்றன்மேல் ஒன்றாக: சுவிட்சுக்கு ஒன்று, சிடிஐக்கு ஒன்று, விளக்குப் பேட்டரி சார்ஜுக்கு ஒன்று. சுவிட்சு வயரின் லக் மேலே இருந்தது. பச்சைக் களிம்பு பூத்து, பழைய பித்தளைக் குத்துவிளக்கின் அடிப்பாகம் போல இருந்தது. லக்கை இழுத்ததும் வயரோடு வராமல் கையோடு வந்துவிட்டது. ரப்பரைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பே இல்லை, கறுப்புத் தூள். சீவச் சீவக் கறுப்பு. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, வெட்டிய முனையிலிருந்து உப்புத்தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஏறியிருக்கிறது. ஒரு சாண் நீளம் வெட்டியபிறகும் கறுப்பு போகவில்லை. முழு வயரையும் மாற்றினேன். மற்ற இரண்டுக்கும் லக் மட்டும் புதிது.

மாற்றிய வயர் ஈயம் பூசிய செம்பு. ஒவ்வொரு இழையும் வெள்ளையாக இருக்கும். பித்தளைப் பானைக்கு ஈயம் பூசுவது எதற்காகவோ அதேதான் இங்கேயும்: களிம்பு ஏறாமல் இருக்க. வீட்டு வயரைவிட விலை கூடுதல்தான், ஆனால் ஒரு எஞ்சினுக்கு வேண்டியது இரண்டு மீட்டர். லக்கை கிரிம்பிங் பிளையரால் நசுக்கி, அதன் மேல், உட்புறம் பசை தடவிய, சூட்டில் சுருங்குகிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டினேன். பசை உருகி இரண்டு முனையிலும் லேசாகப் பிதுங்கி வர வேண்டும். அப்போதுதான் தண்ணீருக்கு வாசல் அடைபட்டது என்று அர்த்தம். சால்டரிங் வைக்கவில்லை. சால்டர் ஓடிய இடத்தில் இழைகள் கம்பியாக விறைத்துவிடும். எஞ்சின் அதிர்வில் விறைப்பு முடிகிற இடத்தில் ஒடியும். வீட்டு வயரிங்கில் இந்தப் பிரச்சினை வராது, சுவர் ஆடுவதில்லை.

போல்ட் உட்காரும் இடத்தில் பிளாக்கை உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் போய் அலுமினியம் பளபளக்கும்வரை எடுத்தேன். அடியில் ஒரு பல் வாஷர். அதன் பற்கள் இறுகும்போது உலோகத்தைக் கீறி உள்ளே பிடிக்கும். இறுக்கிய பிறகு மேலெல்லாம் மரைன் கிரீஸ். "கிரீஸ் போட்டா கரண்ட் போகுமால?" என்று சித்தப்பா கேட்டார். நல்ல கேள்வி. கிரீஸ் கரண்டைக் கடத்தாதுதான். ஆனால் இறுக்கமாக நசுங்கி உலோகம் உலோகத்தைத் தொடுகிற இடத்தில் கிரீஸ் நிற்காது, பிதுங்கி வெளியே போய்விடும். சுற்றிலும் நின்று தண்ணீரைத் தடுக்கும். அதனால் இறுக்கிவிட்டுப் பூசுவதுதான் என் பழக்கம்.

மறுபடி பல்பு வைத்தேன். பளிச். வயர் முனைகளுக்கு நடுவே 0.06 வோல்ட். எஞ்சினைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டி, பட்டனை அழுத்தினேன். சட்டென்று நின்றது. கயிற்றை உருவினேன். நின்றது. சித்தப்பா, "அப்ப புது சுவிட்சு வாங்குனது தெண்டமா?" என்றார். பதில் சொல்லவில்லை.

வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. எஞ்சினைத் துடைக்கும்போது கால் பக்கம் கண் போனது. புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுற்றி அலுமினியத்தில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. விரலால் தட்டினால் உடைந்து உள்ளே வெள்ளை மாவு, அதன் கீழே குழி. அலுமினியம் இரும்பு மாதிரி சிவப்பாகத் துருப்பிடிக்காது. இப்படி வெள்ளையாகப் பூத்துக் கரையும். காலைக் காக்க அதில் திருகி வைக்கிற சிங்க் கட்டை, அதாவது துத்தநாகக் கட்டை, எங்கே என்று கேட்டேன். "அது நல்லாத்தாம்ல இருக்கு. வாங்கும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு" என்று பெருமையாகக் காட்டினார். உண்மைதான். அப்படியே இருந்தது. ஏனென்றால் ஊர்த் திருவிழாவுக்கு வள்ளத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போதெல்லாம் அதன் மேலேயும் சேர்த்து அடித்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு கோட்.

சிங்க் கட்டை தேயாமல் இருப்பது நல்ல செய்தி இல்லை. அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

கடல்நீரில் உலோகங்களுக்கு ஒரு வரிசை உண்டு. ஒரு கோடியில் மெக்னீசியம், அடுத்து துத்தநாகம், அப்புறம் அலுமினியம், இரும்பு, தள்ளிப் போனால் செம்பு, வெண்கலம், மறு கோடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இதில் எந்த இரண்டையும் தொட வைத்து உப்புத்தண்ணீரில் போட்டால் அது ஒரு பேட்டரி. முதல் கோடிக்குப் பக்கத்தில் இருப்பது கரையும், மற்றது பிழைக்கும். எஞ்சினின் கால் அலுமினியம், ஷாஃப்ட் ஸ்டெயின்லெஸ். இருவரையும் சும்மா விட்டால் கால்தான் கரையும். ஆகவே அலுமினியத்தைவிட முன்னால் நிற்கிற ஒன்றைக் காலோடு திருகி வைக்கிறார்கள். அது கரைந்து, காலைக் காப்பாற்றுகிறது. அந்த அண்ணன் சொன்ன செம்புக் கம்பி ஏன் ஆகாது என்பதும் இதுதான்: செம்பைப் பிழைக்க வைக்க அலுமினியம் கரையும். செம்புத்தூள் கலந்த அடிப்பெயின்டை எஞ்சின் காலில் அடிக்கக் கூடாது என்பதும், போல்ட்டுக்குச் செம்பு கலந்த பேஸ்ட் பூசக் கூடாது என்பதும் இதே கணக்குதான்.

இது புது வித்தை இல்லை. இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவி என்ற விஞ்ஞானி 1824லேயே கடற்படைக் கப்பல்களின் அடியில் இருந்த செம்புத் தகட்டைக் காக்க இரும்பும் துத்தநாகமும் வைத்துப் பார்த்தார். செம்பு கரையாமல் பிழைத்தது. ஆனால் செம்பு கரையும்போது அதன் விஷத்தில் ஒட்டாமல் இருந்த கொட்டலசு என்கிற ஓட்டுப்பூச்சி, அது கரையாது என்றானதும் கப்பலடியில் மொய்த்துவிட்டது. கப்பல் வேகம் குறைந்ததுதான் மிச்சம். அந்தத் தொல்லை நமக்கு இல்லை. எஞ்சினை வேலை முடிந்ததும் தூக்கிவிடுகிறோம்.

கட்டையைக் கழற்றப் போனால் இரண்டு போல்ட்டில் ஒன்று வந்தது, மற்றது வரவில்லை. ஸ்டெயின்லெஸ் போல்ட், அலுமினிய மரை. நடுவில் அந்த வெள்ளை மாவு ஊதி, போல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. ஊடுருவும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விட்டேன். மறுநாள் சாயங்காலம் வேலை முடித்து வந்து சுற்றிலும் சூடு காட்டி, முன்னும் பின்னும் கால் சுற்று கால் சுற்றாக ஆட்டினேன். பொறுமை இன்னும் பத்து நிமிஷம் இருந்திருந்தால் வந்திருக்குமோ என்னவோ. தலை ஒடிந்தது. டிரில் செய்யும்போது நடு தப்பி அலுமினியத்துக்குள் இறங்கிவிட்டது. கடைசியில் 6.8 மில்லி ஓட்டை போட்டு, மரை வெட்டுகிற 8 மில்லி டேப் ஓட்டி, பெரிய போல்ட்டாக மாற்ற வேண்டியதாயிற்று. கட்டையின் ஓட்டையையும் பெரிதாக்கினேன். இந்த ஒரு போல்ட்டுக்கு மட்டும் இரண்டு மணி நேரம். வருஷம் ஒரு முறை கழற்றி கிரீஸ் தடவி மாட்டியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

புதுக் கட்டை எது என்பதில் கொஞ்சம் யோசித்தேன். சுத்தமான கடலுக்குத் துத்தநாகம் போதும். புன்னைக்காயல் அப்படி இல்லை. ஐப்பசி கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்தால் முகத்துவாரத் தண்ணீர் வாயில் வைக்கிற அளவுக்கு இனித்துவிடும். நல்ல தண்ணீரில் துத்தநாகத்தின் மேல் ஒரு தோல் கட்டிக்கொள்ளும். அப்புறம் கடலுக்குத் திரும்பினாலும் மந்தமாகவே வேலை செய்யும். அதனால் அலுமினியக் கட்டை வாங்கினேன். அலுமினியத்தைக் காக்க அலுமினியமா என்று கேட்கலாம். இது துத்தநாகமும் துளி இண்டியமும் கலந்த உலோகம், மேலே பாதுகாப்புத் தோல் கட்டாமல் கரைந்துகொண்டே இருப்பதற்காகவே செய்தது. மெக்னீசியக் கட்டை ஏரிக்கும் ஆற்றுக்கும் ஆனது. கடலில் போட்டால் சீக்கிரமே காலியாகிவிடும். ஒரே எஞ்சினில் ஒரு கட்டை துத்தநாகம், ஒரு கட்டை அலுமினியம் என்று கலந்து போடவும் கூடாது. கட்டை உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தைக் காட்டிவிட்டு மாட்டினேன். கட்டைக்கும் பிளாக்குக்கும் நடுவே 0.2 ஓம். மீட்டர் முட்களை ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.2தான், அதாவது நடுவில் தடை எதுவும் இல்லை.

அப்புறம் என் வண்டவாளம். அமரத்தில், அதாவது வள்ளத்தின் பின்முனையில், எஞ்சினைப் பிடித்திருக்கிற பிராக்கெட்டிலும் வெள்ளை பூத்திருந்தது, காலைவிட மோசமாக. போன வருஷம் வள்ளத்தில் இரண்டு எல்இடி விளக்கு போட்டுக் கொடுத்தது நான்தான். பாசிட்டிவைப் பேட்டரியிலிருந்து எடுத்தேன். நெகட்டிவை, பக்கத்தில் இருக்கிறதே என்று பிராக்கெட் போல்ட்டில் மாட்டிவிட்டேன். பேட்டரி நெகட்டிவ் பிளாக்கில் இருக்கிறது, பிராக்கெட்டும் எஞ்சின்தானே என்ற நினைப்பு.

இல்லை. எஞ்சின் திரும்புவதற்கும் மடங்குவதற்கும் நடுவில் நைலான் புஷ், கிரீஸ் எல்லாம் இருக்கிறது. பிராக்கெட்டும் காலும் மின்சாரத்தைப் பொறுத்தவரை இரண்டு தனித் தீவு. அதைச் சேர்ப்பதற்கென்றே கம்பெனி ஒரு பின்னல் வயரைப் போட்டு அனுப்புகிறது. கட்டையின் காவல் எல்லாப் பாகத்துக்கும் எட்டுவதற்காக வைத்த வயர் அது, விளக்குக் கரண்டைச் சுமப்பதற்கு இல்லை. அந்தப் பின்னல் பாதி அரித்துப் போயிருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு பிராக்கெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அளந்தேன்: 2.1 வோல்ட். வயர் வழியே போக முடியாத கரண்ட் தண்ணீர் வழியே காலுக்குத் தாவப் பார்த்திருக்கிறது. அப்படித் தாவும்போது பிராக்கெட்டின் உலோகத்தையும் கரைத்துக்கொண்டே போகும். சும்மா இரண்டு உலோகம் தொடுவதால் வருகிற அரிப்பில் அரை வோல்ட் இருந்தாலே பெரிசு. இங்கே அதற்கு நாலு மடங்கு நான் ஊட்டியிருக்கிறேன். விளக்கு மங்கலாக எரிகிறது என்று சித்தப்பா தைப்பொங்கல் சமயத்திலேயே சொல்லியிருந்தார். பேட்டரி பழசு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

விளக்கின் நெகட்டிவை நேராகப் பேட்டரிக்கே இழுத்தேன். பாசிட்டிவில் பேட்டரியை ஒட்டி ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸ். ஜிபிஎஸ், மீன் பார்க்கும் கருவி எதுவானாலும் இரண்டு வயரும் பேட்டரிக்குத்தான் போக வேண்டும், எஞ்சின் போல்ட்டைத் தொடக் கூடாது. பின்னல் வயருக்கு ஈயம் பூசிய புதுசு போட்டேன். விளக்கு எரியும்போது பிராக்கெட்டில் இப்போது 0.00.

கடைசியாக ஒரு சோதனை. எஞ்சின் கால் முழுகிற டிரம்மில் கடல்தண்ணீர் நிரப்பினேன். ஒரு புதுத் துத்தநாகத் துண்டை வயரில் கட்டி, எஞ்சினைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டேன். மீட்டரின் கறுப்பு முள் துத்தநாகத்தில், சிவப்பு முள் பிளாக்கில். பழைய பெயின்ட் கட்டையோடு இருந்தபோது, அந்த ஞாயிற்றுக்கிழமையே, இதே மாதிரி அளந்து குறித்து வைத்திருந்தேன்: 0.31 வோல்ட். காவல் இல்லாத அலுமினியம் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். புதுக் கட்டை மாட்டி அரை மணி நேரம் ஊறிய பிறகு 0.08. எஞ்சின் துத்தநாகத்தை நெருங்கி வந்துவிட்டது என்றால் கட்டை அதைத் தன் பக்கம் இழுத்து நிறுத்தியிருக்கிறது. இந்தச் சோதனைக்கு மீட்டரும் ஒரு துண்டு துத்தநாகமும் போதும்.

கழுவுவதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிஷம் ஓட்ட வேண்டும், தண்ணீர் இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டக் கூடாது, எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் இறைக்கிற ரப்பர் இம்பெல்லர் போய்விடும். குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவில் தினமும் எஞ்சினுக்கு ஒரு டிரம் என்று நான் சொன்னால் சித்தி என்னைத்தான் கழுவுவாள். சனிக்கிழமை மட்டும் என்று பேசி முடித்தோம்.

ஆறு வாரம் கழித்துப் போனேன். கட்டையின் மேல் அங்கங்கே சின்னக் குழி, ஓரம் சொரசொரப்பு. சித்தப்பாவுக்கு மனசே இல்லை. "புதுசா வாங்குனதுல, அதுக்குள்ள கடல் திங்குதே" என்றார். பாதி தேய்ந்ததும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, திருவிழாப் பெயின்ட் டப்பாவை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டுக்கொண்டேன். ஷாஃப்ட் பக்கத்துக் குழிகளைச் சுரண்டி, அலுமினியத்துக்கான பிரைமர் அடித்து மூட வேண்டும். அது இன்னும் பாக்கி. 8 மில்லி போல்ட்டைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், கையாலேயே சுற்றி வந்தது.